சாண வெள்ளத்தில் போன செருப்புகள்

மாமனார் வீட்டோடு வந்து வாழும் மருமகன் எதை வேண்டுமானாலும் செய்யலாம், அந்த வீட்டு வளவு நிலத்தைத் தோண்ட மட்டும் கூடாது. தோண்டினால் பிறகு உள்ளேயிருந்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. (தெரிந்த மாதிரிக் கதைத்தது வேறு விஷயம்.)

எங்கள் கிண்ணியாப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நான் போன வீட்டில் ஒரு மாட்டுப்பட்டி இருந்தது. மாமா பால் கறந்து தயிர் போட்டு விற்பவர். நானோ அதுவரை டவுனில் ஒரு கடையில் ஃபோன் திருத்திக்கொண்டிருந்தவன். என்னைக் கண்டால் மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கேஸ் தட்டுப்பாடு வந்த காலம் அது. ஊரே வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. நான் ஃபோனில் சில வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கப் போவதாக வீட்டில் அறிவித்தேன். நிலத்துக்குள் மூடிய தொட்டி ஒன்று கட்ட வேண்டும். ஒரு பக்கத்தால் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். உள்ளே அது புளித்து, மேலே சேரும் வாயு குழாய் வழியாகக் குசினி அடுப்புக்கு வரும். மிஞ்சிய கூழ் மறுபக்கத் துவாரத்தால் வெளியே வழியும். அது போய் விழ ஒரு குழி வெட்ட வேண்டும் என்றும் வீடியோவில் சொன்னார்கள். குழியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மாமா அதிகம் கதைக்கவில்லை. "மாடு சாணம் தரும் மருமகன். அதுக்கு மேல நான் ஒண்டுக்கும் பொறுப்பில்ல" என்றார்.

தொட்டி கட்டி, சாணம் நிரப்பிக் காத்திருந்து, ஒருநாள் அடுப்பில் நீலச் சுவாலை எரிந்தபோது நான் நடந்த நடை வேறு. மாமி மட்டும் அசையவில்லை. அதில் வைத்த தேநீருக்கு 'சாணத் தேத்தண்ணி' என்று பேர் வைத்து, விறகடுப்புப் பக்கமே திரும்பிப் போய்விட்டார்.

அந்த நேரம்தான் என் மனைவி ரிஸ்வானாவின் தங்கை சஃப்னாவைப் பார்க்க மூதூரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக முடிவானது. வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக்கழித்த பிள்ளை, இந்த மாப்பிள்ளையின் படத்தை மட்டும் இரண்டாம் முறையும் வாங்கிப் பார்த்திருந்தாள். என்னிடம் தனியாக வந்து கேட்டுக்கொண்டாள்.

"மச்சான், அண்டைக்கு மட்டும் நீங்க கேஸ் கதை கதைக்க வேணாம்."

தலையாட்டினேன். மனதுக்குள் வேறு திட்டம். வந்தவர்களைக் குசினிக்கு அழைத்து, அவர்கள் கண் முன்னாலேயே தேநீர் போட்டுக் காட்ட வேண்டும். அதற்காக அந்த வாரம் முழுக்க வாயுவை யாரும் தொடாமல் குழாயைப் பூட்டி வைத்தேன். போதாதென்று காலையும் மாலையும் கூடுதலாகச் சாணம் கரைத்து ஊற்றினேன்.

அவர்கள் வரும் நாள் காலையில் பார்த்தால், கழிவுத் துவாரத்திலிருந்து கறுப்பாக ஒரு ஓடை முற்றத்தில் வழிகிறது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் கண்ணில் இதுவா பட வேண்டும்? ஒரு சாக்கைச் சுருட்டித் துவாரத்தில் திணித்து, மேலே கல்லும் வைத்தேன்.

"அடைச்சா உள்ளுக்க இருக்கிறது எங்கால போகும்?" என்று கேட்டாள் ரிஸ்வானா.

அதுவும் கேஸாகிவிடும் என்றேன். (என்னைக் கட்டிக்கொண்டவள், நம்புவதைத் தவிர வழியில்லை.)

ஜும்மாத் தொழுகை முடிந்து மாப்பிள்ளையும் அவருடைய வாப்பாவும் உம்மாவும் வந்தார்கள். வாசற்படியில் செருப்புகளைக் கழற்றிவிட்டுப் பாயில் அமர்ந்து சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் வாப்பா வாட்டசாட்டமான ஆள். சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் குசினிக்குத் திரட்டிக்கொண்டு போனேன். கையில் நெருப்புப் பெட்டியோடு, இந்த நாட்டின் எதிர்காலமே மாட்டின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது என்று தொடங்கினேன். கதவோரம் நின்ற சஃப்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது வெளியே ஒரு ஏப்பம் கேட்டது. மனிதர் விடும் ஏப்பமல்ல. அடுத்து இன்னொன்று, அதைவிட நீளமாக. பிறகு சாக்கு பறந்து போய்க் கோழிக்கூட்டில் மோதிய சத்தம்.

"உங்கட மாடொண்டுக்குச் சுகமில்ல போல" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். எங்கள் வளவு, வாசற்படியைத் தாண்டித் தெருக் கேற் வரைக்கும் சரிவு. ஒரு வாரத்துச் சாணக் கூழும் அந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலே செருப்புகள். வாப்பாவின் பெரிய தோல் செருப்பு முன்னால். உம்மாவின் பொன்வார்ச் செருப்புச் சோடி பிரியாமல் பின்னால். பிடிக்கப் பாய்ந்தேன். கால் வழுக்கி, நானும் அதே வழியில் போனேன். (போன வேகத்தில் தோல் செருப்பை முந்திவிட்டேன்.)

மாப்பிள்ளை காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு கையில் என் சட்டைக் கொலர், மறு கையில் அவருடைய உம்மாவின் செருப்பு. அறைக்குள் அடக்கமாக இருந்திருக்க வேண்டிய சஃப்னா, பட்டுச் சாரியோடு மண்வெட்டியை எடுத்து வந்து வாசலில் மண் அணை போட ஆரம்பித்தாள்.

"பார்த்துக்கொண்டு நிக்காம அந்தக் கேற்றுக்குக் கீழ மண்ணப் போடுங்க" என்றாள் மாப்பிள்ளையிடம். இருவரும் பேசிய முதல் பேச்சு அது. அவர் போட்டார்.

அந்தக் கலவரத்தில் விறகடுப்பு அணைந்து போயிருந்தது. மாமி வேறு வழியில்லாமல் என் அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டார். சுவாலை அவ்வளவு அழகாக எரிந்ததாம். பார்க்க ஒருவரும் இல்லை. நான் கிணற்றடியில் நின்று காதுக்குள் போன சாணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் காலைக் கழுவி வந்து அமர்ந்தோம். மாமா என்னைப் பார்க்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. என் வாயால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை போயிற்றே என்று முதன்முறையாக உண்மையிலேயே வெட்கப்பட்டேன். மாப்பிள்ளையின் வாப்பா தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இவன் இவ்வளவு நாளும் எந்தப் புள்ளைக்கும் ஓம் எண்டு சொல்லல்ல. இண்டைக்குச் சாணத்துக்க நிண்டு சொல்றான். நிக்காஹ் நாளைக் குறிப்பம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மருமகன் மட்டும் அண்டைக்கு ஒண்டையும் அடைக்காம இருக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் மாமா மண்வெட்டியை என் கையில் தந்தார். குழியை நானே வெட்டினேன். இன்று அந்தக் கூழ் புல்லுக்கும் தென்னைக்கும் போகிறது. மாமியின் குசினியில் மூன்று நேரமும் அந்த அடுப்புத்தான் எரிகிறது. 'சாணத் தேத்தண்ணி' என்ற பேரை மட்டும் அவர் விடவில்லை.

நிக்காஹ் அன்று மூதூரிலிருந்து வந்த கூட்டம் முழுவதும் செருப்பைப் பொலித்தீன் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. இப்போது சஃப்னாவின் மகனுக்கும் அந்தக் கதை தெரியும். மாமா அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டுக் கேற்றை நான் திறந்தால் போதும், "பெரிய வாப்பா வாறார், செருப்ப எடுங்க" என்று உள்ளே குரல் கொடுப்பான். நான் வாசலுக்கு வரும்போது எல்லாச் செருப்பும் யன்னல் கம்பியில் ஏறியிருக்கும். எனக்கு முன்னமே அங்கே போயிருக்கும் என் மனைவியினுடையதும் சேர்த்து.