இரண்டு வரிசையும் தூங்கவே இல்லை

கொருக்குப்பேட்டை
12-5-2003

மரியாதைக்குரிய பீம்ராவ் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் செங்கொடியின் வணக்கம். இங்கு அம்மாவும் நானும் நலம். கொசுக்களும் நலம். அரக்கோணத்தில் நீங்களும் அத்தையும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் முதலில் கவனித்தது அந்த ஓ.கே. பொத்தானைத்தான், மாமா. கம்ப்யூட்டரில் இரண்டு கூட்டத்தை ஒப்பிடும் பெட்டியைத் திறந்தால் அது மங்கலாகவே இருக்கும். யாரை யாரோடு ஒப்பிடப் போகிறோம் என்று சொல்லி முடித்தால்தான் அதற்கு உயிர் வரும். அதுவரை எத்தனை முறை தட்டினாலும் பேசாது. என்னைப் போலவே இருக்கிறதே என்று எனக்கு அதை உடனே பிடித்துவிட்டது.

ஒன்பதாவதோடு நின்றுபோன என்னை ராயபுரம் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்கச் சொன்னது நீங்கள். இந்த மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று சொன்னது அம்மா. இந்த நிலையில்தான், கடலோரக் குடும்பங்களின் இருமலைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மேடம், எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. எனக்கு மூன்று மாதம் முன்னால் வகுப்பில் சேர்ந்த ஜானட் அக்கா விவரம் கேட்டு வந்து சொன்னாள்: "சொந்தமா ரெண்டு கூட்டத்த எட்த்து, இந்த சாப்ட்வேர்ல ஒப்பிட்டுக் காட்டணுமாம்டி. யாரு பண்ணது நல்லா கீதோ அவளுக்குத்தான் வேலையாம்."

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நம் தெருவில் கால்வாய் வரிசைக்காரர்கள் கொசுவால் தூக்கம் இல்லை என்பார்கள், தண்டவாள வரிசைக்காரர்கள் கூட்ஸ் வண்டியால் தூக்கம் இல்லை என்பார்கள், குழாயடியில் இந்தச் சண்டை நடக்காத நாளே கிடையாது. ஒரு வரிசைக்குப் பத்துப் பேர், எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று கேட்டு, யாருக்குத் தூக்கம் குறைவு என்று கம்ப்யூட்டரையே தீர்ப்புச் சொல்ல வைக்கலாம் என்று கிளம்பினேன். கிளம்பினேனே தவிர, முதல் வாசலில் கேள்வியைக் கேட்காமல் பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிட்டேன். கூட வந்த அம்மா, "நீ எய்து, நா கேக்குறேன்" என்று சொல்லி, தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில், "யக்கா, எம்மா நேரம் தூங்குற நீ? கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம்!" என்று கேட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. நம் தெருவில் யாராவது காகிதத்தோடு வந்து கேள்வி கேட்டால் அது அரசாங்க வீடு கொடுக்கத்தானே? நாங்கள் ஐந்தாவது வீட்டுக்குப் போவதற்குள், யார் குறைவாகத் தூங்குகிறார்களோ அவர்களுக்கு மணலி புதுநகரில் வீடு என்று பேச்சு பரவிவிட்டது. முதலில் நாலு மணி நேரம் என்று சொன்ன கால்வாய் வரிசை கெங்கம்மா அக்கா பின்னாலேயே ஓடி வந்து, "ஏ பொண்ணு, அத்த அடிச்சிட்டு ரெண்டுன்னு போடு" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தண்டவாள வரிசை லோகநாதன் அண்ணன், "ரெண்டா? குட்த்து வச்சவங்கமா நீங்க! நமக்கு ஒரு மணி நேரத்துக்கே வய்யில்ல" என்றார். உடனே கெங்கம்மா அக்கா, "நா கண்ண மூடியே மூணு வருசம் ஆவுது, எய்து!" என்றார். அண்ணன் விடுவாரா? "எங்க வூட்ல நாய் கூட தூங்கறதில்ல, எய்து!" நான் என்ன செய்வேன் மாமா? இல்லை என்று சொல்ல எனக்கு எப்போது வந்திருக்கிறது? எல்லோருக்கும் அடித்தடித்துத் திருத்தி எழுதினேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டு வரிசையிலும் இருபது பேருக்கும் பூஜ்யம்.

அதையும் கொண்டுபோய்ச் சாப்ட்வேரில் ஏற்றினேன். கால்வாய்க்கு 1, தண்டவாளத்துக்கு 2 என்று கொடுத்ததும் பொத்தான் பளிச்சென்று வந்தது. தட்டினேன். விடை வரவேண்டிய இடத்தில் இங்கிலீஷில் ஒரு வரிதான் வந்தது. ஜானட் அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "எல்லாரும் ஒரே நம்பர சொன்னா அத்தால கணக்கு போட முடியாதாம்டி! ஆளுக்கு ஆள் கொஞ்சமாச்சும் மாறணுமாம். உங்க தெருவாண்ட மிஷினே தோத்துப்போச்சு!"

ஆகவே மாமா, அடுத்த திங்கட்கிழமை மேடத்திடம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. இறால் கம்பெனிக்கே போய்விடுகிறேன் என்று அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அத்தைக்கு என் வணக்கம். பாப்பா கன்னத்தில் எனக்காக ஒன்று கிள்ளுங்கள், வலிக்காமல்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்
செங்கொடி

பி.கு.: மேலே எழுதியதை அப்படியே மறந்துவிடுங்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் குழாயடியில் கெங்கம்மா அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "லோகநாதன் தூங்கலையா? அவன் உட்ற கொறட்டைக்கு கூட்ஸ் வண்டியே ஹாரன் அட்ச்சிகினு ஒதுங்கிப் போவுது. ஆறு மணி நேரம் அசைய மாட்டான்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். கடிதம் தபாலுக்குப் போகாமல் என் பையிலேயே தங்கிவிட்டது. தன் தூக்கத்தைப் பற்றி யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், பக்கத்து வீட்டுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் நிமிடக் கணக்காகச் சொல்வார்கள்! அம்மாவைக் கூப்பிடாமல் நானே ஒவ்வொருவரிடமும் போய், பக்கத்து வீட்டில் எத்தனை மணி நேரம் என்று மெதுவாகக் கேட்டேன். மெதுவாகக் கேட்டதே நல்லதாகப் போயிற்று. ரகசியம் என்று நினைத்து எல்லோரும் காதோடு கொட்டினார்கள். கால்வாய் வரிசைக்குச் சராசரி ஆறு மணி நேரம், தண்டவாள வரிசைக்கு ஆறேகால். அந்தக் கால் மணி நேரத்தை நம்பலாமா என்று கம்ப்யூட்டர் சொல்லும் எண் 0.05-க்குக் கீழே வரவேண்டும். எனக்கு 0.6 வந்தது. அதாவது, இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல இதில் ஆதாரம் இல்லை. இதை இரண்டு வரிசைக்காரர்களும் சேர்ந்து மறுக்கிறார்கள். அவர்கள் ஒன்றாகச் சேர்ந்தது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை மேடம் தாளை இரண்டு முறை பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார்.

"எங்க செவுரு ரொம்ப மெல்லிசு மேடம்" என்றேன். நான்தான் சொன்னேன் மாமா, என் வாயால்.

அவர் சிரித்துவிட்டு, "இதையும் முழுசா நம்ப முடியாது. ஆனா ஏன் பொய் சொல்றாங்கன்னு யோசிச்சிருக்கே, அது போதும். கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தா மட்டும் ஆகாது, வீடு வீடா போய் நீதான் கேட்கணும். முடியுமா?" என்றார். முடியும் என்றேன். புது வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருவைக் கொடுத்தார். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது.

"நா வரட்டாடி, கொரலு குடுக்க?" என்றாள் அம்மா.

"நீ குந்துமா" என்று சொல்லிவிட்டுப் போய், முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.