மாப்பிள்ளை அசையாத காலை

உலகம் அழிந்தால்தான் ஒரு மனிதன் நிம்மதியாகத் தெருவில் நடக்க முடியும். இந்த உண்மையை எனக்கு உணர்த்தியவை ஜப்பான்காரர்கள் வரையும் கௌபாய் அனிமே படங்கள். எல்லாம் இடிந்து கிடக்கும். கண்ணுக்கெட்டிய வரை மணல். நீளக் கோட்டு போட்ட ஒருவன் வருவான், நாலு பேரைச் சுடுவான், பொழுது விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விடுவான். அவனை யாரும் கல்யாணம் எப்போது என்று கேட்பதில்லை. கேட்கக்கூடிய சொந்தக்காரர்களெல்லாம் கதை தொடங்கும் முன்பே அழிந்திருப்பார்கள். (அந்த இயக்குநர்களுக்கும் அத்தைகள் இருந்திருக்க வேண்டும்.)

எனக்கோ அப்போது ஓரிடத்தில் உட்கார முடியாத வயது. காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு மாமா நின்றார். ஞாயிறு காலை எனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அப்பா என்னைப் பார்க்க வருகிறார் என்று அம்மா சொன்னதும், அனிமே வழியில் முடிவெடுத்தேன். அவர் வருவதற்குள் ஊரைவிட்டுப் போய்விடுவது. (ஊரைவிட்டு என்றால் ஊர் ஓரத்துச் செவிலிமேடு வரை.) அங்கே பாலாறு தண்ணீரில்லாமல் கிடந்தது. அந்த மணலைப் பார்த்தால் எந்த ஜப்பான்காரருக்கும் வரையக் கை அரிக்கும்.

ஆன்லைனில் வாங்கிய நீளக் கோட்டை மாட்டிக்கொண்டேன். தோள், நெஞ்சு, இடுப்பு எங்கும் பக்கிள். விடியற்காலையில் படியிறங்கும்போது வாசலிலிருந்து அம்மா, "எங்கடா போறே, கோட்ட மாட்டிக்கினு?" என்றாள். நாயகன் இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டான். கோட்டைச் சுழற்றித் திரும்புவான். நானும் சுழற்றினேன்.

தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு இழைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றும் முன் இழைகளைச் சரிபார்க்க எங்கள் தெருவில் வழக்கமாகச் செய்வதுதான். எங்கள் பக்கத்துக் குழந்தைகள் தவழும்போதே ஓரமாகத்தான் தவழும். சுழன்ற வேகத்தில் என் பக்கிள்கள் அத்தனையும் பாவுக்குள் போய் மாட்டிக்கொண்டன. பாவுக்குச் சொந்தக்காரரான பக்கத்து வீட்டு அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு மணப்பெண்ணின் முகூர்த்தப் புடவை அது.

கோட்டைக் கழற்றியிருக்கலாமே என்பீர்கள். (மே மாதம். உள்ளே சட்டை போடவில்லை.)

அந்த நேரம் பார்த்துத்தான் பெண்ணின் அப்பா வந்தார். அவரும் நெசவாளி. அறிமுகமும் இல்லை, காபியும் இல்லை. சிக்கிய பட்டைக் கண்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டு என் நெஞ்சருகே குனிந்தார்.

"அசையாதீங்க மாப்ள. அசைஞ்சா அறுந்துரும்."

பெண்ணின் போட்டோவைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. அதற்குள் மாப்ள! வெயில் ஏறியது. அவர் ஒவ்வோர் இழையாக விடுவித்தபடியே வேலை, குடி, கோபம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஓட வழியில்லாததால் உண்மையைச் சொன்னேன். ஓர் இழைகூட அறாமல் பாவு பிழைத்ததும் அவர் அம்மாவிடம், "பையனுக்கு நல்ல பொறுமைம்மா" என்றார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

இன்றும் அனிமே பார்க்கிறேன், மனைவியோடு. நாயகன் ஊரைவிட்டுக் கிளம்பும் கட்டம் வந்தால் என் கால்கள் துறுதுறுவென்று ஆகிவிடும், எழுந்துவிடுவேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தன் அப்பாவின் குரலில் சொல்வாள்.

"அசையாதீங்க மாப்ள."

உட்கார்ந்துவிடுவேன்.