கம்ப்யூட்டர் குறித்த நாள்

1994-ல் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே சிட்டிபாபுவும் வந்தார். யார் எந்த வேலையை எந்த நாளில் முடிப்பார், யாரால் தாமதம் வரும் என்பதையெல்லாம் அவருடைய பிளானிங் சாஃப்ட்வேர் சொல்லிவிடுமாம். ஏசி அறை, வாசலில் செருப்புக் குவியல். சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கண்ணாடியில் மூக்கை அழுத்தி தரிசனம் செய்தது.

அவரை அழைத்து வந்தவர் தயாரிப்பு மேலாளர் ஏகநாதன். பௌதிகப் பட்டதாரி. மனைவி ஜோசியரிடம் போனால் ஒரு வாரம் கேலி பேசும் பகுத்தறிவாளர். திரையில் பச்சைக் கோடு நீண்டால் மட்டும், கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சிவப்புக் கோடு விழுந்தது.

"டிலேக்குக் காரணம் எல்லம்மா. சிஸ்டமே சொல்லுது சார்" என்றார் சிட்டிபாபு.

பதினொரு வருடமாகத் துளைபோடும் மெஷினில் நின்றவள் எல்லம்மா. அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார் ஏகநாதன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். கம்ப்யூட்டர் சொன்ன பிறகு மனுஷி சொல்ல என்ன இருக்கிறது?

சோதனைப் பிரிவு செல்வமேரிக்குப் பொறுக்கவில்லை.

"சார், லிஸ்ட்ல அப்பாதுரைன்னு ஒரு பேரைச் சேர்க்கச் சொல்லுங்க. லேத்துல ஐந்நூறு இரும்பு புஷ் கடையற வேலை. என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

அவள் வாயை அடைக்கலாம் என்று ஏகநாதன் உற்சாகமாகச் சேர்க்கச் சொன்னார்.

அடுத்த வெள்ளி பிரிண்டர் கரகரவென்று கக்கியது: அப்பாதுரை, நூறு சதவீதம் முடிந்தது.

"அப்பாதுரை எப்படி?" என்று கேட்டாள் செல்வமேரி.

"தங்கமான ஒர்க்கர்!" என்றார் சிட்டிபாபு.

"எங்க பெரியப்பா சார். செத்து ஆறு வருஷம் ஆச்சு."

சிட்டிபாபு "வைரஸ்" என்றார். எவரும் சிரிக்கக்கூட இல்லை. பிறகு உண்மை வெளியே வந்தது. அவர் ஒருநாளும் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. ஏசியில் உட்கார்ந்து வாய்க்கு வந்த எண்ணைத் தட்டியிருக்கிறார். "மெஷின் பெல்ட் அறுந்து நாலு நாளாச்சு, அத்த எழுது" என்று எல்லம்மா ஏசி அறை வாசலுக்கே வந்து அவரை அதட்டியதற்குத்தான் அந்தச் சிவப்பு.

சிட்டிபாபுவை அனுப்பிவிட்டு ஏகநாதன் பொழிச்சலூருக்குப் போனார். எல்லம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதும்மா. திங்கக்கிழமை வந்துடு."

"வரேன் சார். ஆனா ஒண்ணு. உங்க ரூமுக்கும் என் மெஷினுக்கும் இருவது அடி. எந்திரிச்சு வந்து பாத்திருந்தா பெல்ட்டு தெரிஞ்சிருக்கும். அத்த வுட்டுட்டு அந்தப் பொட்டியாண்ட போய் கேட்டுகினு இருந்தீங்களே, படிச்சவரு!"

பெட்டி பேசும்போது வாயைப் பிளக்கிறவர்களே, அதற்குள் எண்ணைத் தட்டியவன் யார் என்று ஒரு தடவையாவது கேளுங்கள்.