ஒற்றை வாசல் பூங்கா

ஒரு காட்டில் மரங்களையெல்லாம் வெட்டி வீடு கட்டியது போக ஏழு ஏக்கர் மிஞ்சியது. அதற்குப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். அங்கே நடப்போர் சங்கத்தின் செயலாளர் தணிகாசலம் என்கிற முள்ளம்பன்றி. உடம்பெல்லாம் ஊசியோடு அலைகிறவர்தான், ஆனால் ஊசி என்றால் அவருக்கு உயிரே போய்விடும். சர்க்கரை வேறு ஏறிக்கிடந்தது. "தினமும் நடங்க. குறையலேன்னா ஊசிதான்" என்று டாக்டர் கொக்கு கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கொள்ளைநோய் வந்தது. பூங்காவைப் பூட்டிவிட்டார்கள். தணிகாசலம் மனு மேல் மனு கொடுத்தார். "பாதுகாப்புக்கு நானே பொறுப்பு" என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் திறந்தார்கள்.

பொறுப்பு வந்ததும் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. முள்ளம்பன்றியை மனிதர் என்றதற்கு மன்னிக்கவும், அவர் நடந்துகொண்ட விதம் அப்படி. நான்கு வாசலில் மூன்றை இழுத்துப் பூட்டினார். நான்காவதில் ஒரு மேசை, காய்ச்சல் பார்க்கும் கருவி, ஒரு பதிவேடு, அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரே பேனா. பெயர், வால் நீளம், வந்த காரணம், கையெழுத்து. ஆமைக்குக் கருவி சூடே காட்டவில்லை. அது உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு இரண்டு சாட்சி கேட்டார்.

வாசலுக்கு முன்னால் குறுகலான சந்து. நாற்பது பேர் ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சுவிட்டபடி முக்கால் மணி நேரம் நின்றார்கள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "இந்தாளு செயலாளரா இருந்தா வெளங்கிடும்" என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே போனால் ஏழு ஏக்கரில் ஆளுக்கொரு மூலை, காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. அங்கேயும் தணிகாசலம் விசில் ஊதி, நாற்பதடி தள்ளித் தனியாகப் போன மானைப் பார்த்து "இடைவெளி" என்றார்.

பத்தாம் நாள் பாதிப் பேருக்குக் காய்ச்சல். செயலாளருக்கும்தான். படுத்தபடியே பதிவேட்டைப் புரட்டினார். "பாத்தியா மரகதம், காய்ச்சல் வந்த அத்தனை பேரும் பூங்காவுக்கு வந்தவங்க. அங்க இருக்கிற வேப்பமரத்துக் காத்துதான் காரணம்."

கஷாயத்தோடு வந்த மனைவி மரகதம் நின்றாள். "உள்ள உங்க பக்கத்துல யாருங்க வந்தா? வாசல்லதான எல்லாரையும் கட்டிப்போட்டீங்க. அந்தப் பேனாவ எத்தனை பேர் வாயில வச்சுக் கடிச்சாங்க?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. ஆளுக்கொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு நோயை விநியோகம் செய்திருக்கிறோம் என்று புரிந்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

குணமானதும் சங்கக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னார். "தப்பு என்னோடதுதான். நாலு வாசலையும் திறந்துவிடுங்க. பதிவேடும் வேண்டாம், நானும் வேண்டாம்."

தலைவர் யானைக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நேர்மையான ஆளை விட்டுடறதா? வாசல்லதான் ஆபத்துன்னா, வாசலுக்கு வர்றவங்களைச் சோதிக்கத் தெருமுனையில இன்னொரு மேசை போடுவோம். அதுக்கும் தணிகாசலமே இருக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மறுத்திருக்கலாம். ஆனால் புது மேசைக்கு இரண்டு பேனா தருவதாகச் சொன்னார்கள்.

இரண்டு மேசையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே கிடந்ததில் அவருக்குச் சர்க்கரை இன்னும் ஏறியது. டாக்டர் ஊசியை எடுத்தார். தணிகாசலம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

நீதி: பூங்காவில் நோய் தானாகப் பரவாது, அதற்குப் பொறுப்பான ஒரு செயலாளர் வேண்டும்.