டேப்பு சாரும் நம்பர் போட்ட சுவரும்

அடுத்தவன் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுப்பதில் டேப்பு சாரை மிஞ்ச விழுப்புரம் மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. சட்டைப் பையில் பேனா இருக்காது, அளவு டேப் இருக்கும். கேன்டீன் வடையைக்கூட அளந்துவிட்டுத்தான் கடிப்பார்.

அவரைப் பிடித்த பைத்தியம், மரக்காணம் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் கிடக்கும் பழைய லாக். படகு ஓடிய காலத்தில் கதவு போட்டுத் தண்ணீரை நிறுத்தி, படகை ஏற்றி இறக்கிய இடம். கதவெல்லாம் எப்போதோ போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு கல் சுவர். அதுவும் போவதற்குள் கல் கல்லாக வரைந்து வைத்துவிட வேண்டுமாம். அவருக்கு பைக் ஓட்டத் தெரியாது. என்னிடம் பைக் இருந்தது. என் தலையெழுத்து.

"போட்டோ புடிச்சா போதாதா சார்?"

"போட்டோவுல அளவு தெரியாதுய்யா. நீ போய் செவுத்துகிட்ட நில்லு. உன் ஒசரம் எனக்குத் தெரியும்."

வேகாத வெயிலில் நான்தான் அளவுகோல். மூக்கைச் சொறிந்தால்கூட "அசையாத!" என்று அதட்டல்.

வரையும்போது குழம்புகிறது என்று ஒரு நாள் ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை பெயிண்டில் நம்பர் போட்டார். அங்கேதான் வினை. நம் ஊரில் சுவரில் நம்பர் போட்டால், இடிக்க வருகிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சுவர்மேல் கருவாடு காயவைக்கும் செல்லியம்மா குப்பத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னாத்துக்குயா நம்பரு போட்டுகினு இருக்கீங்க? இடிச்சிட்டா கருவாட்ட உன் தலமேலயா காய வெக்கிறது?"

நான் பைக் சாவியைத் தேடினேன். டேப்பு சாரோ படு பணிவாக, "அம்மா, அந்தக் கருவாட்ட கொஞ்சம் நகத்துறீங்களா? மூலைக் கல்லு மறையுது" என்றார்.

நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் கால்வாயோரக் கடைக்காரர் குறுக்கே விழுந்ததால் அடி விழவில்லை. டயரில் காற்று மட்டும் போயிருந்தது. பைக்கைத் தள்ளிய வழியெல்லாம் அவருக்கு அந்த மூலைக் கல்லைப் பற்றித்தான் கவலை.

அடுத்த முறை போனபோது டீக்கடைக்காரர் ஒரு சேதி சொன்னார். இறால் பண்ணைக்குக் கல் வேண்டுமென்று யாரோ ஜேசிபியோடு சுவரைப் பெயர்க்க வந்தாராம். செல்லியம்மா மறித்துவிட்டாராம்.

"நம்பரு போட்டது கவர்மெண்ட் கல்லுயா! ஆபீசருங்க எண்ணி வெச்சிக்கினு போயிருக்காங்கோ. ஒண்ணு கொறஞ்சா உன்னத்தான் புடிப்பாங்க."

ஜேசிபி வந்த வழியே திரும்பிவிட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? "தப்பாச்சேய்யா! நாம கவர்மெண்ட் இல்லன்னு சொல்லிட்டு வந்துடலாம், வா" என்று எழுந்தார். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

இப்போது அவருக்கு முட்டி ஆபரேஷன். வரைபடம் பாதியில் நிற்கிறது. உப்புக்காற்றில் நம்பரெல்லாம் மங்கிப்போக, போன ஞாயிறு நானே பெயிண்ட் டப்பாவோடு போனேன். பழைய நம்பர் மேலேயே மறுபடி எழுதி, செல்லியம்மாவை நிற்கவைத்து போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன்.

"அந்தம்மா ஒசரம் எனக்குத் தெரியாதேய்யா. நீ போய் நில்லு."

செல்போனைச் செல்லியம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். மூக்கு அரித்தது. சொறியவில்லை. அந்த மனுஷன் எழுந்து நடந்து வந்து, நேரில் ஒரு தடவை "அசையாத!" என்று அதட்டட்டும்; மிச்சமிருக்கிற ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொள்ளலாம்.