கட்டிப்போட்ட டொமைன்

வெப்சைட் தொடங்க முன்பெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும். இப்போது பெயர் மகானின் அருளும் வேண்டும். செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில், ஏசி அறையில் அவர் வீற்றிருக்கிறார். படிக்கட்டு முழுக்கக் கூட்டம். பறவைக் கூண்டு செய்து விற்கும் அம்மாள், கள்ளிச்செடி வளர்ப்பவர், பழைய பேனா சேகரிக்கும் வாத்தியார் என்று எல்லோரும் படித்தவர்கள். படித்தவர்கள் ஏமாறும்போது டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, ஒழுங்காக ஏமாறுவார்கள்.

மகானின் முறை எளிது. உங்கள் வெப்சைட்டுக்கு என்ன பெயர் வேண்டுமோ, அதாவது டொமைன், அதை அவருடைய கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு வர வேண்டும். வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது. நீங்களாகப் போய் வாங்கவும் கூடாது, பெயர் கோபித்துக்கொள்ளுமாம். மறுநாள் மகான் கண்ணை மூடி, கீபோர்டு மேல் உள்ளங்கையை வைத்து, "இந்தப் பேரை யாரோ கட்டிப்போட்டிருக்காங்க" என்பார். பார்த்தால் நேற்றுவரை சும்மா கிடந்த பெயரை உண்மையிலேயே யாரோ வாங்கியிருப்பார்கள். வந்தவருக்குப் புல்லரித்துவிடும். அப்புறம் கட்டவிழ்ப்பு. காணிக்கை மகான் கைக்குப் போனதும், பெயர் நல்ல பிள்ளையாகத் திரும்பி வரும். இதை அற்புதம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இந்தக் கூட்டத்தில் நம் தையல் மெஷின் மெக்கானிக்கும் ஒருவர். எந்தக் காலத்து மெஷினானாலும் சரி, உடைந்த பாகத்தைக் கொடுத்தால் தன் லேத்தில் அச்சு அசலாகக் கடைந்து கொடுப்பார். கடைக்கு ஆள் வருவது நின்றுபோயிற்று. ஆனால் எங்கெங்கோ பழைய மெஷினை வைத்துக்கொண்டு பாகம் கிடைக்காமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடினால் கிடைக்கிற மாதிரி ஒரு வெப்சைட் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். பெயரும் நன்றாகத்தான் யோசித்தார், 'பழையதையல் டாட் காம்'. அதோடு நிறுத்தியிருக்கலாம். மகானிடம் போனார். கட்டு விழுந்திருந்தது. பெரிய கட்டாம், காணிக்கையும் அதற்கேற்ற மாதிரியாம்.

வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் சொன்னார்: "லேத்த வித்துடலாம்னு இருக்கேன். நாளன்னைக்கு ஆள் வராங்க."

அவள் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்ப்பவள். தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"லேத்த வித்துட்டு வெப்சைட்ல எதைங்க விப்பீங்க, பேரையா?"

"உனக்குப் புரியாது. நான் மனசுல நெனச்ச பேரு. யாருக்கும் தெரியாது. அதைப் போய் ஒருத்தன் வாங்கி வெச்சிருக்கான்னா பாத்துக்க."

"யாருக்குமே தெரியாதா?"

"மகானுக்கு மட்டும்தான் தெரியும்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அவருக்கு உறைக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. லேத் போய்விட்டால் இந்த மனிதருக்கு வேறு தொழில் தெரியாது.

"எங்க லேப்ல மெஷின் மேல சந்தேகம் வந்தா, ரத்தத்துக்குப் பதிலா வெறும் தண்ணிய வெச்சுப் பார்ப்போம். தண்ணிக்கும் சர்க்கரை இருக்குன்னு சொல்லிச்சுன்னா, கோளாறு மெஷின்லதான். உங்க மகானுக்கும் கொஞ்சம் தண்ணி வெச்சுப் பார்க்கலாமா?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளும் வரிசையில் வந்து நின்றாள். முன்னால் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். "உலகத்துல எவனுக்குமே வேண்டாத பேரா ஒண்ணு யோசிங்க. பக்கத்துல நிக்கிறவங்ககிட்டகூடச் சொல்லாதீங்க. சும்மா கிடக்கான்னு போன்ல பாத்துக்கிட்டு, இவர்கிட்ட மட்டும் குடுங்க."

"மகானைச் சோதிக்கிறது பாவம்மா" என்றார் பேனா வாத்தியார்.

"நெஜமான மகான்னா ஜெயிச்சுட்டுப் போறாரு சார். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

வாத்தியார் யோசித்தார். அவர் யோசித்து வெகுநாளாகியிருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு அவரும் ஒரு பெயரைத் தட்டிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் மகான் கண்ணை மூடினார். முதலில் கூண்டு அம்மாள்.

"உங்க பேரைக் கட்டிட்டாங்கம்மா. வெளிநாட்டு ஆள். பெரிய போட்டி."

"மொட்டைத்தலைக்கு சீப்பு டாட் காம். அதுக்கா சாமி போட்டி?"

மகான் கண்ணைத் திறந்துவிட்டார். கள்ளிச்செடிக்காரர் முன்னால் வந்தார். "என்னோடது மீனுக்கு குடை. அதுவும் போயிடுச்சு."

"நேத்தைய வானிலை" என்றார் வாத்தியார், தலை குனிந்தபடி. "நேத்து மழை பெஞ்சுதான்னு தெரிஞ்சுக்க எந்த வெளிநாட்டுக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்?"

"அந்தப் பேருக்குள்ள இருக்கிற அதிர்வு உங்களுக்குத் தெரியாது" என்றார் மகான். குரலில்தான் கொஞ்சம் அதிர்வு தெரிந்தது.

மெக்கானிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மெஷின் என்றால் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது; மகானின் மெஷினை மட்டும் எப்படியோ விட்டுவைத்திருந்தார். நேராகப் போய் கம்ப்யூட்டரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். எல்லோரும் பார்க்க, 'கொசுவுக்கு தலையணை டாட் காம்' என்று தட்டினார். கையை எடுப்பதற்குள் திரையில் பதில் வந்தது. அந்தப் பெயர் வாங்கப்பட்டது, உரிமையாளர் மகான். தட்டினால் தானாகவே வாங்கிக்கொள்ளும்படி ஏற்பாடு. மகான் எதையும் படித்துப் பார்ப்பதுகூட இல்லை. பக்தர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"நான் லேத்த விக்கப் பார்த்தேன்யா" என்றார் மெக்கானிக். மனைவி அவர் தோளைத் தொட்டாள்.

கூட்டம் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. ஏசி அறையில் வியர்த்துக்கொண்டே மகான் ஒவ்வொரு பெயராக உரியவருக்கு மாற்றிக் கொடுத்தார். 'பழையதையல்' மெக்கானிக்குக் கிடைத்தது. மீன் குடையை வாங்கிக்கொள்ள மட்டும் ஆளில்லை. லேத் வாங்க வருகிறவரை வரவேண்டாம் என்று மெக்கானிக் படியிலிருந்தே போன் செய்தார்.

எல்லோரும் கீழே இறங்கினார்கள். வாத்தியார் அவள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, பேரு கிடைச்சாச்சு. வெப்சைட்டைத் திறக்க நல்ல நேரம் பாக்க வேண்டாமா? அடுத்த தெருவுல ஒருத்தர் ரொம்பத் துல்லியமாச் சொல்றாராம்."

பாவம், அவள் களைத்திருந்தாள். அவளுக்குப் பதிலாக நானே கேட்கிறேன். பெயருக்குக் கட்டவிழ்க்க ஒருவர், நேரம் குறிக்க ஒருவர் என்று எல்லாவற்றுக்கும் ஆள் அமர்த்திவிட்டீர்கள் ஐயா. கழுத்துக்கு மேலே இத்தனை வருஷமாகச் சுமக்கிறீர்களே, அதற்கு எப்போதுதான் வேலை கொடுக்கப் போகிறீர்கள்?