வசந்தாமணி இந்தியா போயிருக்கிறாள்

"வசந்தாமணியிடம் பேசலாமா?" என்று போனில் ஓர் அமெரிக்கப் பெண்குரல் கேட்டபோது, நஞ்சப்பனின் ஒரு கையில் போனும் மறு கையில் வத்தக்குழம்புக் கிண்ணமும் இருந்தன. கிண்ணத்தைக் கொண்டுவந்த தனபாக்கியம் ஆன்ட்டி வாசலிலேயே நின்றார். கொடுக்க வந்ததைக் கொடுத்தாயிற்று, கிளம்பலாம். ஆனால் அக்கம்பக்கத்தில் யாராவது போன் பேசும்போது ஆன்ட்டி கிளம்பியதாகச் சரித்திரமே இல்லை.

போதாததற்கு, கை ஒழியாமல் ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தான்.

"அவங்க... இந்தியால இருக்காங்க," என்றான் நஞ்சப்பன், ஆங்கிலத்தில், ஆன்ட்டியைப் பார்த்தபடி.

"அப்படியா? எப்போது திரும்புவார்?"

"பொங்கல் முடிச்சுட்டு. அதாவது, ஜனவரிக்கு அப்புறம்."

"சரி, குறித்துக்கொள்கிறேன்." போன் அடங்கியது.

"யாருப்பா அது?"

"மார்க்கெட்டிங் ஆன்ட்டி."

"மார்க்கெட்டிங்காரி வசந்தாமணின்னு இவ்ளோ சுத்தமா சொல்றாளே! நம்ம பசங்களுக்கே வராது." ஆன்ட்டி எட்டி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். "ஆமா, ஊர்ல அவ நல்லா தூங்குறாளா?"

இது என்ன கேள்வி என்று நஞ்சப்பனுக்குத் தோன்றியது. "தூங்குறாங்க ஆன்ட்டி," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

பாத்ரூம் கதவு மெல்லத் திறந்தது. இந்தியாவிலிருந்து வசந்தாமணி எட்டிப் பார்த்தாள்.

"போயிட்டாங்களாங்க?"

ஜெர்சி சிட்டியில், நியூபோர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்தில், வசந்தாமணி அக்காள் மகள் கல்யாணத்துக்காகக் கோபிசெட்டிபாளையத்துக்குப் போயிருப்பதாகத்தான் எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அவள் போனது மருத்துவமனைக்கு. மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மிச்சம் எதுவும் இல்லை, பிழைத்துக்கொண்டாய் என்று டாக்டர் சொல்லியும் விட்டார்.

யாருக்கும் சொல்லக்கூடாது என்பது வசந்தாமணியின் கட்டளை. "முட்டின்னா சொல்லலாமுங்க. பித்தப்பைன்னா கூடச் சொல்லலாம். இதப் போயி எப்படிங்க சொல்றது? சொன்னா, பேசுறவங்க மூஞ்சியவா பாப்பாங்க?"

அவளையும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் மாடி சேனாபதிக்குக் கிட்னியில் கல் என்று காலையில் தெரிந்து, சாயங்காலத்துக்குள் கட்டடமே வாழைத்தண்டோடு அவன் வாசலில் நின்றது. அந்தச் செய்தியைக் கொண்டுசேர்த்தவர் தனபாக்கியம் ஆன்ட்டி. அவர் வாயில் கடலைப்பருப்பு கூட ஊறாது என்பார்கள். இப்பேர்ப்பட்டவருக்கு நேர் எதிர்வீட்டில் குடியிருந்துகொண்டு, ஒரு முழுப் பெண்ணை ஒளித்துவைக்கத் துணிந்தான் நஞ்சப்பன்.

அவன் ஆபீஸ் போனால் மிக்ஸி ஓடக்கூடாது. வசந்தாமணிக்கு இருமல் வந்தால் கேட்காமலிருக்க, டிவியில் சீரியல் நாள் முழுக்க அலறும். காயம் காட்டப் போகும்போது நஞ்சப்பனின் ஹூடியும் மாஸ்க்கும் போட்டு, கராஜ் வழியாக. யாரோ பார்த்துவிட்டு, "உங்க வீட்ல ஒல்லியா ஒரு பையன் தங்கியிருக்கானே?" என்று கேட்க, ஒரு தம்பி மகனும் பிறந்தான்.

எல்லாம் நன்றாகவே போயிருக்கும். போனில் வந்த பெண் மார்க்கெட்டிங்காரியாக இருந்திருந்தால்.

அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நர்ஸ். பெயர் லொரெய்ன். எடுத்த இடத்தில் மறுபடி ஒரு மார்பை அமைக்கும் ஆபரேஷனுக்கு அனுமதி கொடுக்கும் விஷயமாக வசந்தாமணியிடம் நாலு கேள்வி கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். எடுக்கச் செலவு செய்த இன்ஷூரன்ஸ் திரும்ப அமைக்கவும் செலவு செய்தாக வேண்டும், அதற்குச் சட்டமே இருக்கிறது என்று சர்ஜன் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆள் ஊரில் இல்லாவிட்டால் சட்டம் என்ன செய்யும்? நோயாளி வெளிநாட்டில் இருப்பதால் விண்ணப்பம் மூடப்பட்டது என்று மறுநாளே செய்தி வந்துவிட்டது.

"என்னத்தையுங்க சொல்லிப்போட்டீங்க அவங்ககிட்ட?" என்றாள் வசந்தாமணி.

"ஆன்ட்டி எதிர்ல நிக்கிறாங்க வசந்தா. நான் என்ன பண்ணட்டும்?"

"இப்பக் கூப்பிட்டு உண்மையச் சொல்லுங்க."

கூப்பிட்டான். "அவங்க இந்தியா போகலைங்க மேடம்."

"போயிருப்பதாக நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றார் லொரெய்ன். "அப்படியானால் எங்களுக்குத் தவறான தகவல் கொடுத்தீர்களா?"

கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்கும் ஒருவனிடம் 'தவறான தகவல்' என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. பதற்றத்தில் நஞ்சப்பன் இன்னொரு பொய்யையும் சொல்லிவிட்டான்.

"இல்ல இல்ல. போயிருந்தாங்க. நேத்து வந்துட்டாங்க."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம். அந்தச் சத்தம் நஞ்சப்பனுக்குப் பிடிக்கவே இல்லை.

"சார், போன செவ்வாய்க்கிழமை உங்கள் மனைவியின் பெயரில் இங்கே காயம் பரிசோதித்ததாகப் பில் வந்திருக்கிறது. அவர் இந்தியாவில் இருந்தபோது அவருடைய இன்ஷூரன்ஸ் கார்டைக் காட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டது யார்?"

வசந்தாமணி போனைப் பிடுங்கினாள். "மேடம், நாந்தான் வசந்தாமணி. இங்கதான் இருக்கேன்," என்றாள் ஆங்கிலத்தில்.

"மன்னிக்கணும் அம்மா," என்றார் லொரெய்ன், மரியாதையாக. "அந்தக் கார்டைக் காட்டியவரும் அதையேதான் சொல்லியிருப்பார்."

ஆள்மாறாட்டமா என்று விசாரிக்க ஃபைல் வேறு இடத்துக்குப் போனது. லொரெய்னே நேரில் வந்து, ஆளைப் பார்த்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் மீண்டும் திறக்கும். அவர் வந்த அன்று நஞ்சப்பன் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டைத் துடைத்து, டீ போட்டு, காத்திருந்து, ஆறிய டீயைத் தானே குடித்தான். லொரெய்ன் மேலே வரவே இல்லை.

கீழே லாபி சோபாவில் தனபாக்கியம் ஆன்ட்டி இருந்தார். அது அவருடைய ஆபீஸ்.

"எந்த வீட்டுக்கு? நஞ்சப்பன் வீடா? அந்தப் பொண்ணு இந்தியால இருக்கா. நானே ஏர்போர்ட் போய் ஏத்தி விட்டேனே!"

ஏர்போர்ட்டுக்கு யாரும் போகவில்லை. போக வேண்டிய ஆளே போகாதபோது வழியனுப்ப யார் போவது? ஆனால் தனபாக்கியம் ஆன்ட்டி கலந்துகொள்ளாத நிகழ்ச்சி அந்தக் கட்டடத்தில் நடந்ததில்லை. நடக்காத நிகழ்ச்சி என்றாலும் அவர் வந்ததாகத்தான் கணக்கு.

"உங்கள் எதிர்வீட்டுக்காரரே விமானம் ஏற்றிவிட்டிருக்கிறார், சார்," என்றார் லொரெய்ன் போனில். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இன்னும் ஒரே ஒரு முறை வருகிறேன். வெள்ளிக்கிழமை. அதோடு முடித்துவிடுவேன்."

வெள்ளிக்கிழமையைத் தாண்டினால் சர்ஜன் கொடுத்த தேதி வேறொருவருக்குப் போய்விடும். வருஷக் கடைசியில், பேங்க் ஒன்றில் நஞ்சப்பன் பார்க்கும் கான்ட்ராக்ட் வேலையும் முடிகிறது. புது வேலை, புது இன்ஷூரன்ஸ், எல்லாம் முதலிலிருந்து. எத்தனை மாதமோ.

அன்று மத்தியானம் நஞ்சப்பன் படுக்கையறைக்குள் போனபோது வசந்தாமணி கண்ணாடி முன் நின்றிருந்தாள். ரவிக்கையின் இடது பக்கத்துக்குள் எதையோ சுருட்டி வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கை நின்றது.

"உங்க சாக்ஸுதானுங்க," என்றாள். "தொவைச்சதுதான்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கைக்குட்ட வெச்சா நழுவுது. சாக்ஸு நிக்குது."

நஞ்சப்பன் கட்டிலில் உட்கார்ந்தான். பத்து நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொல்ல இதுதான் நேரம் என்று பட்டது. "வசந்தா, எனக்காகன்னா இதெல்லாம் வேண்டாம். எனக்கு நீ இருந்தாப் போதும். நான் அதையெல்லாம் பாக்கறவனா?"

நல்ல வசனம்தான். அவள் கண்கலங்குவாள் என்று எதிர்பார்த்தான்.

"உங்கள ஆரு கேட்டா?" என்றாள் வசந்தாமணி. "எனக்கு வேணும். குளிக்கறப்ப கீழ பாக்காமக் குளிக்கறேன், தெரியுமுங்களா? என்ர ஒடம்ப நானே பாக்க முடியாம, எத்தன நாளைக்கு?"

நஞ்சப்பன் பக்கத்தில் போய் நின்று, பின்னால் விலகியிருந்த ரவிக்கைத் தோளைச் சரியாக இழுத்துவிட்டான். வசந்தாமணி கண்ணாடியில் இடது பக்கத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் எறக்கமா இருக்குதுங்களா?"

"ஒரு நூல். எறக்கம் இல்ல, ஏத்தம்."

"அப்ப அடுத்த தடவ மெல்லிசு சாக்ஸா வாங்குங்க," என்றாள். சிரித்துவிட்டாள். இந்தியா போன நாளிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை எப்படியும் ஜெயித்தாக வேண்டும் என்று நஞ்சப்பன் முடிவு செய்தான். அதற்கு முதலில் லாபியைக் காலி செய்ய வேண்டும். காலையிலேயே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ஆன்ட்டி, ஜர்னல் ஸ்கொயர் கடைல முருங்கைக்காய் எறங்கியிருக்காம். பிஞ்சு. மத்தியானத்துக்குள்ள தீர்ந்துரும்."

"அப்படியா?" என்றார் ஆன்ட்டி. உடனே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பை தூக்கக் கணவர் ஜம்புநாதன் அங்கிளையும் கிளப்பிக்கொண்டு போனார். ஜம்புநாதன் அங்கிள் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் பங்கையும் ஆன்ட்டியே பேசிவிடுவதால் அவருக்கு அவசியம் ஏற்படவில்லை.

நஞ்சப்பன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான். அதில் ஒரு குறை. முருங்கைக்காய் எதுவும் இறங்கியிருக்கவில்லை. இல்லாத காயைத் தேட எவ்வளவு நேரம் ஆகும்? போன வேகத்தில் இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள். லொரெய்ன் வாசல் கதவைத் திறந்த அதே நிமிஷம், அவருக்குப் பின்னாலேயே உள்ளே வந்தார்கள்.

ஜன்னலிலிருந்து இதைப் பார்த்த நஞ்சப்பன் மாடிப்படியில் ஓடி இறங்கியபோது லாபியில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"எத்தன தடவ சொல்றது லேடி? இந்தியா! இண்-டி-யா!" வாசலை மறித்துக்கொண்டு ஆன்ட்டி. "இவர் பொண்டாட்டி, இவருக்குத் தெரியாதா? கேட்டுக்கோ."

லொரெய்ன் அவன் பக்கம் திரும்பினார். "சார், ஒரே கேள்வி. உங்கள் மனைவி எங்கே இருக்கிறார்?"

இந்தப் பக்கம் லொரெய்னின் இரண்டு கண். அந்தப் பக்கம் ஆன்ட்டியின் இரண்டு கண். 'மேலே இருக்கிறாள்' என்றால் நாளைக் காலைக்குள் கட்டடம் முழுக்க வாழைத்தண்டோடு வந்துவிடும். 'இந்தியா' என்றால் ஃபைல் மூடிவிடும். நஞ்சப்பன் வாயைத் திறந்தான். "அவங்க... வந்து..."

லிஃப்ட் திறந்தது.

நைட்டி, மேலே ஒரு சால்வை, கையில் பாஸ்போர்ட். ஹூடி இல்லை. மாஸ்க் இல்லை. அவசரத்தில் சாக்ஸும் இல்லை போலிருக்கிறது. வசந்தாமணி நேராக லொரெய்ன் முன்னால் வந்து நின்றாள்.

"ஐ ஆம் வசந்தாமணி. ஐ டிட் நாட் கோ டு இண்டியா." குரல் லாபி முழுக்கக் கேட்டது. "பிரெஸ்ட் கேன்சர். ஒன் இஸ் கான். ஐ வான்ட் இட் பேக்."

லொரெய்ன் பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு அதை மூடி, இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அம்மா இவ்வளவு சுற்று?"

வசந்தாமணி லாபி சோபாவைப் பார்த்தாள். மெயில்பாக்ஸ் வரிசையைப் பார்த்தாள். "நெய்பர்ஸ்," என்றாள்.

லொரெய்ன் ஏதோ புரிந்ததுபோலத் தலையசைத்தார். அங்கேயே நின்று போன் போட்டார். ஆள் இவர்தான், நானே பார்த்துவிட்டேன், இன்றைக்கே திறந்துவிடுங்கள் என்றார். சர்ஜனின் தேதி அப்படியே நிற்கும் என்றார். போகும்போது வசந்தாமணியின் சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. நஞ்சப்பனுக்கு அப்போதுதான் தனபாக்கியம் ஆன்ட்டியின் நினைவு வந்தது.

இந்நேரம் பாதிக் கட்டடத்துக்குச் செய்தி போயிருக்க வேண்டும். ஆனால் ஆன்ட்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஸ்வெட்டர் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சில்லை. தனபாக்கியம் ஆன்ட்டிக்குப் பேச்சில்லை என்பது, ஹட்சன் ஆற்றில் தண்ணீர் இல்லை என்பதுபோல.

"ஆன்ட்டி," என்று நஞ்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "உங்க கால்ல விழறேன். தயவுபண்ணி இத யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

காலிப் பையைத் தரையில் வைத்துவிட்டு, ஜம்புநாதன் அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"அவ எங்கப்பா சொல்லப்போறா? அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே ஆபரேஷன முடிச்சுட்டு, அவளும் மூணு மாசம் இந்தியாலதான இருந்தா, எங்க பெட்ரூம்ல."